பர்னபாவும் எழும்பிப் போனார்

முதலில் "நாங்கள்" என்றால் யார் என்று சொல்லிவிட வேண்டும். ஆலங்குடாவில் ஒரு வீட்டுப் பிள்ளைகள். அண்ணாவும் அக்காவும் கலியாணம் முடித்துப் போய்விட்டார்கள், மிஞ்சியது நாங்கள் மூன்று பேர். ஒராள் கலைப்பீடம், ஒராள் ஏ.எல். எழுதிவிட்டு றிசல்ட் பார்த்துக்கொண்டிருக்கிற ஆள், கடைசி இன்னும் பள்ளிக்கூடம். இதை எழுதுவது கலைப்பீடத்து ஆள்தான். ஆனால் கீழே வருகிற காரியத்தை மூன்று பேரும் சேர்ந்துதான் செய்தோம். "நான்" என்று எழுதினால் கணக்குச் சரிவராது.

காரியம் சின்னது. அண்ணாவின் மகளுக்குத் திருமுழுக்கு. ஆகஸ்ட் மாதம், சோளகக் காற்று அடிக்கிற காலம். வீட்டு முற்றத்தில் போட்ட தகரப் பந்தல் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது, சோற்றில் மண் விழாமல் பார்ப்பதற்கே இரண்டு பேர் தேவைப்பட்டது. குழந்தைக்கு ஞானத்தாயாக அக்கா நிற்க வேண்டும் என்றுதான் அண்ணாவுக்கு ஆசை. ஏலாது என்று சொல்லிவிட்டார்கள். அக்கா முடித்தது சைவப் பிள்ளையை. அத்தானின் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நேரம், அவசர அவசரமாகப் பதிவுத் திருமணம் மட்டும் நடந்தது. கோயிலில் ஆசீர்வாதம் இல்லை. அதற்குப் பிறகு அக்கா நற்கருணைக்கு எழும்புவதில்லை. கடைசி வாங்கில் இருந்துவிட்டு, பூசை முடிய முதல் ஆளாக வெளியே போய்விடுவா.

திருமுழுக்கு முடிந்து சாப்பாடு. பந்தலின் ஒரு மூலையில் அக்கா, அத்தான், நாங்கள் மூன்று பேர், பக்கத்து வீட்டு ராத்தா. ராத்தா 1990 ஒக்டோபரில் மன்னார்ப் பக்கமிருந்து வள்ளத்தில் வந்த குடும்பம். அப்போது சின்னப் பிள்ளையாம். எங்கள் வீட்டு விசேஷத்துக்கு அவ வராமல் விட்டதில்லை. ஆனால் எங்கள் சட்டியில் சமைத்த இறைச்சியைத் தொடமாட்டா. அம்மா அவவுக்கென்று வாழைப்பழச் சீப்பும் பிஸ்கட் பெட்டியும் ஒரு போத்தல் சோடாவும் எடுத்து வைப்பா. சிரிப்பும் கதையுமாக இருந்தோம்.

அந்த நேரம் நீர்கொழும்புப் பக்கமிருந்து வான் வந்தது. பெரியம்மாவும் அவவின் செபக்குழுவும். பெரியம்மா வந்து பார்த்தா. ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் மூலையை ஒரு தடவை பார்த்துவிட்டு மற்றப் பக்கம் போய் இருந்தா. பிறகு எங்களைப் பார்த்து, "பிள்ளையள், இங்கால வாங்க, இவையளோட இருங்க" என்றா.

நாங்கள் எழும்பிப் போனோம். கோப்பையையும் தூக்கிக்கொண்டு.

அவ்வளவுதான் நடந்தது. யாரும் யாரையும் ஏசவில்லை, சண்டை இல்லை. அக்கா தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தா. ராத்தா மட்டும் தன் கதிரையை இழுத்து அக்காவுக்குக் கிட்டப் போட்டா. சோடாப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி வரைக்கும் அங்கேயே இருந்தா.

இரண்டு மாதம் கழித்து, வகுப்பில் ஆதித் திருச்சபை வந்தது. விரிவுரையாளர் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தை எடுத்தார். பவுல் எழுதியதில் ஆகக் கோபமான கடிதம் இதுதான். மற்றக் கடிதங்களில் வாழ்த்துச் சொல்லி, நன்றி சொல்லித் தொடங்குவார். இதில் வாழ்த்துக்குப் பிறகு நன்றியே இல்லை, நேரே சண்டை. சண்டை எதைப்பற்றி? யூதரல்லாத ஒராள் இயேசுவை நம்பினால் அது போதுமா, இல்லாவிட்டால் விருத்தசேதனமும் செய்து, மோசேயின் சட்டத்தையும் தூக்க வேண்டுமா என்பதைப்பற்றி. கி.பி. 49ஆம் ஆண்டளவில் எருசலேமில் ஒரு கூட்டம் கூடி, புறவினத்தார் மேல் அந்தச் சுமையை வைக்கத் தேவையில்லை என்று முடிவெடுத்தார்கள். திருத்தூதர் பணிகள் 15ஆம் அதிகாரத்தின்படி நான்கு காரியம் மட்டும் கேட்டார்கள். சிலைக்குப் படைத்தது, இரத்தம், நெரித்துக் கொன்றதன் இறைச்சி, கெட்ட நடத்தை, இவற்றை விட வேண்டும். நான்கில் மூன்று சாப்பாட்டுப் பிரச்சினை என்பதைக் கவனியுங்கள்.

எங்களைப் பிடித்து உலுக்கியது அதற்கு அடுத்த துண்டு. அந்தியோக்கியாவில் பேதுரு புறவினத்தாரோடு சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்தார்கள். வந்தவுடன் பேதுரு மெல்ல விலகத் தொடங்கினார். அவரைப் பார்த்து மற்ற யூதக் கிறிஸ்தவர்களும் விலகினார்கள். கடைசியில் பர்னபாகூட அவர்களோடு போய்விட்டார் என்று பவுல் எழுதுகிறார். அந்த இடத்தில் அவருடைய கோபத்தைவிட மனவேதனைதான் கூடக் கேட்கிறது. பர்னபா யார்? எருசலேமில் ஒருவரும் பவுலை நம்பாத நேரம் கையைப் பிடித்துக் கூட்டிப்போனவர். அந்தியோக்கியாவில் புறவினத்தார் சேரத் தொடங்கியபோது வந்து பார்த்துச் சந்தோஷப்பட்டவர். அந்த ஊரில்தான் சீடர்களுக்குக் "கிறிஸ்தவர்கள்" என்ற பெயரே முதலில் வந்தது. அந்தப் பெயரோடு கூடவே வளர்ந்த மனிதர், கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பிவிட்டார்.

வகுப்பில் மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள். எங்களுக்குத் தகரப் பந்தல் அடிக்கிற சத்தம் கேட்டது.

அன்றிரவே வீட்டுக்குக் கோல் எடுத்து மற்ற இரண்டு பேருக்கும் அந்த அதிகாரத்தை வாசிக்கச் சொன்னோம். கடைசி ஆள் வாசித்துவிட்டுக் கேட்ட கேள்வி: "அப்ப பெரியம்மாதான் யாக்கோபின்ட ஆளா?"

முதலில் எங்களுக்கும் அது வசதியான வாசிப்பாகத்தான் இருந்தது. பெரியம்மா சட்டம், நாங்கள் சுதந்திரம். பரிசேயர் கெட்டவர், பவுல் நல்லவர். பிரசங்கங்களிலும் மறைக்கல்வி வகுப்பிலும் அப்படித்தான் கேட்டு வளர்ந்தோம். யூதர் சட்டத்தைப் பிடித்துத் தொங்கினார்கள், கிறிஸ்து வந்து அவிழ்த்துவிட்டார் என்று. ஆனால் அந்தப் பாடத்துக்காக வாசித்தபோது கதை அவ்வளவு லேசாக இருக்கவில்லை.

1977இல் ஈ. பி. சாண்டர்ஸ் என்ற ஆய்வாளர் பவுலையும் பாலஸ்தீன யூத சமயத்தையும் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அந்தக் காலத்து யூத நூல்களை வரிசையாக வாசித்துவிட்டு அவர் சொன்னதன் சாரம் இது: யூதர்கள் சட்டத்தைக் கைக்கொண்டு கடவுளின் அன்பைச் சம்பாதிக்கலாம் என்று நினைக்கவில்லை. கடவுள் தங்களை ஏற்கெனவே தெரிந்துகொண்டார், அந்த உறவுக்குள் நிற்பதற்குத்தான் சட்டம். ஆக, "சட்டவாதம்" என்று நாங்கள் அவர்கள் நெற்றியில் ஒட்டிய துண்டு பெரும்பாலும் எங்கள் கைவேலை.

இன்னொன்று. கத்தோலிக்க விவிலியத்தில் மக்கபேயர் நூல்கள் இருக்கின்றன, ஆனால் எங்களில் எத்தனை பேர் வாசித்திருக்கிறோம்? கி.மு. 167 அளவில் நான்காம் அந்தியோக்கு அரசன் யூதருக்கு விருத்தசேதனத்தையும் ஓய்வுநாளையும் தடைசெய்தான். எலயாசர் என்ற கிழவரைப் பன்றி இறைச்சி தின்னச் சொல்லி வற்புறுத்தினார்கள். தெரிந்த ஆட்கள் பாவப்பட்டு, "உங்களுக்கு ஆகுமான இறைச்சியை நீங்களே கொண்டு வாங்கோ, மற்றதைத் தின்கிற மாதிரி நடியுங்கோ" என்கிற கணக்கில் ஒரு வழி சொன்னார்கள். இளம் ஆட்கள் பார்த்துத் தவறாக விளங்கிக்கொள்வார்கள் என்று மறுத்துவிட்டுச் செத்துப்போனார். பவுலோடு வாதாடிய ஆட்களுக்கு இந்தச் சாவுகள் ஞாபகத்தில் இருந்தன. கி.பி. 40 அளவில் கலிகுலா பேரரசன் எருசலேம் ஆலயத்துக்குள் தன் சிலையை வைக்கச் சொல்லி, யூதேயாவே கலங்கிப்போயிருந்தது. பயந்திருக்கிற சனத்துக்கு வேலி தேவைப்படும்.

இதை வாசித்த பிறகு பெரியம்மாவை யாக்கோபின் ஆள் என்று ஒதுக்கிவிட எங்களால் முடியவில்லை. 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு அவ இருக்கிற பக்கத்தில் எத்தனை சவப்பெட்டி போனது என்று எங்களுக்குத் தெரியும். அந்த ஞாயிறுக்கு முன்னம் எங்கள் வீட்டுக்கு வந்தால் ராத்தாவின் வட்டிலாப்பத்தை வழித்துத் தின்ற ஆள் அவ. பயம் அவவின் வாய்க்குள் வந்து விதியாக மாறிவிட்டது.

ராத்தாவின் பக்கமும் யோசித்தோம். 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள், ஏறத்தாழ 75,000 பேர். மன்னார்த் தீவிலிருந்து கடலால் வந்தவர்கள் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். ஆலங்குடாவிலும் அக்கம்பக்கத்திலும் கிடுகுக் கொட்டில் போட்டு இருந்தார்கள். தமிழ் பேசுகிற நாங்கள் இதைப்பற்றிக் கதைக்கும்போது குரலைத் தணிக்கிறோம். தணிக்கத்தான் வேணும். வீடு, காணி, உறுதி, வள்ளம் எல்லாத்தையும் விட்டுவிட்டு வந்தவர்கள். கையில் கொண்டுவர முடிந்தது தொழுகையும் நோன்பும் எதைத் தின்பது, எதைத் தின்னக்கூடாது என்பதும்தான். விதிக்கு லொறி தேவையில்லை. ராத்தாவின் உம்மா கொட்டிலுக்குள் இருந்துகொண்டு பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்தாவாம். அதை நாங்கள் எந்த முகத்தோடு "சட்டவாதம்" என்று சொல்வது?

எங்கள் பக்கத்துக் கதையும் ஒன்று இருக்கிறது. கற்பிட்டிக்குப் போகிற ஆட்கள் ஒல்லாந்தர் 1667இல் கட்டத் தொடங்கிய கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கோட்டைக்காரரும் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் சீர்திருத்தச் சபை. 1658 செப்டெம்பரிலேயே அவர்கள் ஒரு கட்டளை போட்டார்கள். கத்தோலிக்கக் குருவுக்கு இடம் கொடுத்தால் மரண தண்டனை. பிள்ளையின் பெயர் தோம்பில் ஏற வேண்டும், கலியாணம் செல்லுபடியாக வேண்டும், காணி பிள்ளைக்குப் போக வேண்டும் என்றால் அவர்களுடைய கோயிலுக்குப் போக வேண்டும். எங்கள் சனம் என்ன செய்தது? பகலில் அங்கே போய்ப் பதிந்தது. இரவில் தன் வீட்டுக்குள் செபமாலை சொன்னது.

1687இல் கோவாவிலிருந்து யோசேவாஸ் முனிவர் யாழ்ப்பாணத்துக்கு வந்தது ஏழைக் கூலியாள் வேஷத்தில். அங்கே தேடுதல் கூடியபோது 1690 அளவில் புத்தளத்துக்கு வந்தார். புத்தளம் அப்போது கண்டி அரசனுக்குக் கீழே. கிறிஸ்தவக் கொம்பனி துரத்திய கத்தோலிக்கருக்கு இடம் கொடுத்தது பௌத்த அரசு. கண்டியில் முதலில் அவரை ஒற்றன் என்று மறியலில் போட்டார்கள், அதுவும் உண்மைதான். 1697இல் அங்கே அம்மை நோய் பரவி ஆட்கள் வீட்டை விட்டு ஓடியபோது, அவரும் இன்னொரு குருவும் நின்று நோயாளிகளைப் பார்த்தார்கள். எந்தச் சமயம் என்று கேட்டுப் பார்க்கவில்லை. 2015 ஜனவரி 14 அன்று பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத் திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார். எங்கள் ஊரிலிருந்தும் பஸ் பிடித்துப் போனார்கள்.

அப்படியென்றால் இந்தக் கரையில் எங்கள் விசுவாசமே ஒரு காலத்தில் சட்டவிரோதம். அரசாங்கப் பதிவு ஒரு பக்கம், மனம் ஒரு பக்கம் என்று வாழ்ந்த ஆட்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். இன்றைக்கு அக்காவிடம் இருக்கிறது பதிவு மட்டும்தான், கோயில் எழுத்து இல்லை. கடைசி வாங்கு கொடுத்திருக்கிறோம்.

சரி, திருச்சபைச் சட்டம் உண்மையில் என்னதான் சொல்கிறது? நூலகத்தில் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பை எடுத்துப் பார்த்தோம். திருமுழுக்குப் பெறாத ஒராளைக் கத்தோலிக்கர் முடிப்பதற்கு விதிவிலக்கு வேண்டும், அதை ஆயர் தரலாம். ஊரில் எல்லாரும் சொன்னது, "மாப்பிள்ளை கையெழுத்து வைக்க வேணும், பிள்ளைகளை வேதத்தில் வளர்ப்பன் என்று அவர் எழுதித் தரவேணும்" என்று. அத்தான் அதற்குத்தான் மாட்டேன் என்று நின்றார். தன் அம்மாவுக்கு முன்னால் அப்படி ஒரு கடதாசியில் கையெழுத்து வைக்க அவரால் ஏலாது. ஆனால் 1125ஆம் விதியில் அப்படி இல்லை. வாக்குக் கொடுக்க வேண்டியது கத்தோலிக்கப் பக்கம். தன்னால் முடிந்ததைச் செய்வேன் என்று அவர் சொல்ல வேண்டும். மற்றவருக்கு அதைத் தெரியப்படுத்தினால் போதும். இத்தனை வருஷமாக அத்தானின் கழுத்தில் தொங்கிய கையெழுத்தைச் சட்டம் கேட்கவே இல்லை. ஊர் கேட்டது.

தொகுப்பின் கடைசி விதி 1752. குருக்களை இடமாற்றுவதைப் பற்றிய வறண்ட பக்கத்தில், திருச்சபையில் ஆன்மாக்களின் மீட்பே உயர்ந்த சட்டமாக இருக்க வேண்டும் என்ற கருத்தோடு முடிகிறது. ஞானப் பெற்றோரைப் பற்றிய 874ஆம் விதி இறுக்கமானதுதான், அதை மறைக்க முடியாது. ஆனாலும் சட்டப் புத்தகம் எங்கள் பெரியம்மாமாரைவிட மென்மையாக இருந்தது எங்களுக்குப் பெரிய ஆச்சரியம்.

ஆதித் திருச்சபையிலும் இதே கூத்து நடந்திருக்கிறது. டிடாக்கே என்று ஒரு பழைய கையேடு. முதலாம் நூற்றாண்டு முடிவளவில் எழுதப்பட்டிருக்கலாம் என்கிறார்கள். 1873இல் கொன்ஸ்தாந்திநோபிளில் ஒரு கையெழுத்துப்பிரதி கண்டெடுக்கப்படும் வரைக்கும் முழு நூல் காணாமல் கிடந்தது. அதில் நோன்பைப்பற்றி வருகிறது: வெளிவேடக்காரர் திங்களும் வியாழனும் நோன்பு இருக்கிறார்கள், நீங்கள் புதனும் வெள்ளியும் இருங்கள் என்ற மாதிரி. வாசித்துவிட்டுச் சிரித்தோம். பவுல் அவ்வளவு கத்தியும், இரண்டு தலைமுறைக்குள் பழைய நாளைக் கழற்றிவிட்டுப் புதிய நாளைப் பூட்டிவிட்டார்கள். ஆனால் அதே கையேட்டில் இன்னொரு இடமும் இருக்கிறது. முழு நுகத்தையும் தூக்க முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் முடிந்ததைத் தூக்கு, சாப்பாட்டு விஷயத்திலும் தாங்கக்கூடியதைத் தாங்கு என்கிற பொருளில். விதி எழுதின கையே அதையும் எழுதியிருக்கிறது.

பவுலும் சும்மா "எல்லாம் தின்னலாம்" என்று விட்டவர் இல்லை. கொரிந்தியருக்கு எழுதும்போது, என் சாப்பாடு என் சகோதரனுக்கு இடறலாக இருந்தால் நான் இறைச்சியே தொடமாட்டேன் என்கிற அளவுக்குப் போகிறார். விடுதியில் தவக்கால வெள்ளிக்கிழமையில் கொத்துரொட்டி வாங்கிவந்து, நோன்பு பிடிக்கிற பெடியனுக்கு முன்னால் வைத்துத் தின்று "நாங்கள் ஃப்ரீ" என்று காட்டின எங்களுக்கு அது சுட்டது.

இவ்வளவும் வாசித்து எங்களுக்கு விளங்கினது ஒன்றுதான். அன்றைக்குப் பந்தலில் ஆக இறுக்கமான விதியோடு வந்தவ ராத்தா. எங்கள் சோற்றைத் தொடவில்லை, எங்கள் கறியைத் தொடவில்லை. விதியை ஒரு மயிரிழைகூட விடவில்லை, கதிரையையும் விடவில்லை. நாங்கள் எல்லாத்தையும் தின்கிறவர்கள். ஒரு விதியும் எங்களை எழும்பச் சொல்லவில்லை. ஒரு பார்வை போதுமாக இருந்தது. பேதுருவும் மனசுக்குள் சட்டத்துக்குத் திரும்பியவர் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. வந்த ஆட்கள் என்ன நினைப்பார்கள் என்று பயந்தார் என்றுதான் பவுலும் எழுதுகிறார்.

அந்தியோக்கியாவில் கடைசியில் என்ன நடந்தது? பேதுரு திரும்பி வந்து அந்த மேசையில் இருந்தாரா? பவுல் அதைச் சொல்லவில்லை. வென்றிருந்தால் சொல்லியிருப்பார், அன்றைக்கு அவர் தோற்றுத்தான் போனார் என்று ஆய்வாளர்கள் பலர் நினைக்கிறார்கள். பர்னபாவும் அவரும் பிறகு பிரிந்து வேறு வேறு பயணம் போனார்கள். அதற்குத் திருத்தூதர் பணிகள் வேறு காரணம் சொல்கிறது. ஆனால் கொரிந்தியருக்கு எழுதும்போது பவுல் பர்னபாவின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்து நல்லபடியாகவே சொல்கிறார். அந்தப் பெயரை அங்கே கண்டபோது எங்களுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

லீவுக்கு வீட்டுக்கு வந்தவுடன் மூன்று பேரும் அக்கா வீட்டுக்குப் போனோம். 1125ஆம் விதியைக் கையால் எழுதிக்கொண்டு போயிருந்தோம், ஏதோ பெரிய பரிசு கொண்டுபோகிற மாதிரி. அத்தான் கடலுக்குப் போயிருந்தார். அக்கா கடதாசியை வாங்கி வாசித்தா. மடித்து அடுப்படித் தட்டில் சீனிப் போத்தலுக்குக் கீழே வைத்தா.

"இது எனக்கு முதலே தெரியும். ஃபாதர் மாறி வந்த உடன நான் போய்க் கேட்டனான். மனு எழுதலாம் எண்டு சொன்னவர். ஆறுதலாச் செய்வம்."

பிறகு தேத்தண்ணி ஊற்றினா. மூன்று கோப்பை. தந்துவிட்டு, எங்களைப் பார்க்காமலே கேட்டா:

"நீங்கள் ஏன் எழும்பினனீங்கள்?"

அதற்கு எந்த விதி எண்ணையும் சொல்ல முடியவில்லை. கடைசி ஆள்தான் அழத் தொடங்கினது. மற்ற இரண்டு பேரும் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "பெரியம்மா கூப்பிட்டா" என்று ஒராள் சொன்னோம். "பயம்" என்று இன்னொராள் சொன்னோம். அக்கா "ம்" என்றா. மன்னிச்சிட்டன் என்றும் சொல்லவில்லை, கோபம் என்றும் சொல்லவில்லை. போகும்போது ராத்தா வீட்டுக்குக் கொடுக்கச் சொல்லி இரண்டு தேங்காய் தந்தா.

அக்காவின் மனு இன்னும் போகவில்லை. பெரியம்மாவிடம் நாங்கள் இன்னும் கதைக்கவும் இல்லை. பவுல் மாதிரி எல்லாருக்கும் முன்னால் முகத்துக்கு நேரே சொல்கிற துணிவு எங்களுக்கு இல்லை. அவவின் பயத்தைப்பற்றித் தெரிந்த பிறகு, அப்படிச் சொல்வதுதான் சரியா என்றும் தெரியவில்லை. தலவில அன்னம்மாள் திருவிழாவுக்குப் பெரியம்மாவின் வான் வழமைபோல எங்கள் வீட்டுக்கு வரும். சாப்பாடு இருக்கும். ராத்தாவுக்குப் பழமும் பிஸ்கட்டும் இருக்கும். அக்காவும் அத்தானும் வருவினம் என்று அம்மா சொல்லியிருக்கிறா.

மூன்று பேரும் ஒன்று பேசி வைத்திருக்கிறோம். யார் கூப்பிட்டாலும் "இங்க இருந்து சாப்பிடுறம், நீங்களும் வாங்க பெரியம்மா" என்று சொல்வது. கடைசி ஆள் அதைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பழகுது.